தகரப் பெட்டியில் ஒரு பீரங்கி

குழு: பாட்டி வீட்டுப் பிள்ளைகள்
சனிக்கிழமை

[காலை 8:55] பெரிய மாமா மன்னார்குடி: (படம்: தாமரைப் பூ, "இனிய காலை வணக்கம்")

[9:12] அம்மா: (படம்)

[9:13] அம்மா: பாட்டியின் யீஷூன் வீட்டு ஸ்டோர் அறையை ஒழித்துக்கொண்டிருக்கிறேன். மைலோ டின்னுக்குள் இது இருந்தது. துண்டுத் துணியில் சுற்றி, நூல் போட்டுக் கட்டியிருந்தது. என்ன என்று யாருக்காவது தெரியுமா?

[9:15] மலர் சித்தி: தங்கமா அக்கா?

[9:15] அம்மா: ஆசைதான். பித்தளை. ஒரே களிம்பு.

[9:16] மலர் சித்தி: புளி போட்டுத் தேய், பளபளவென்று ஆகிவிடும்.

[9:16] கார்த்தி: தேய்க்க வேண்டாம்!! பெரியம்மா, அம்மா பேச்சைக் கேட்காதீர்கள். எம்ஆர்டி ரயிலில் இருக்கிறேன், இறங்கியதும் எழுதுகிறேன்.

[9:17] மலர் சித்தி: என் பிள்ளையே எனக்கு எதிரி

[9:41] கார்த்தி: இது பிரிட்டிஷ் ராயல் ஆர்டிலரி, அதாவது பீரங்கிப் படையின் தொப்பிச் சின்னம். நடுவில் சக்கரம் வைத்த பழைய காலப் பீரங்கி. உச்சியில் கிரீடம். இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டையில் எழுத்து இருக்கும், பாருங்கள்.

[9:43] அம்மா: யு, பி, ஐ... மீதி களிம்புக்குள் போய்விட்டது.

[9:44] கார்த்தி: யுபிக்வே. லத்தீன். "எங்கும்" என்று பொருள். கீழே இன்னொரு நீளமான பட்டை இருக்கிறதே, அதில் "குவோ ஃபாஸ் எட் குளோரியா டுகுண்ட்". நியாயமும் புகழும் எங்கே கூட்டிப் போகின்றனவோ, அங்கே.

[9:46] பெரிய மாமா மன்னார்குடி: தூணிலும் இருப்பான், துரும்பிலும் இருப்பான்.

[9:47] குமரன் மாமா: கிட்டத்தட்ட அதேதான் அண்ணா. 1832ல் நான்காம் வில்லியம் மன்னர் கொடுத்த சொல் அது. காலாட்படைக்காரர்கள் தாங்கள் சண்டை போட்ட ஊர்களின் பெயரைக் கொடியில் தைத்துக்கொள்வார்கள். பீரங்கிப் படை எல்லாச் சண்டையிலும் இருந்தது. எந்த ஊரைத் தைப்பது, எதை விடுவது? "எங்கும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

[9:48] குமரன் மாமா: அது மட்டும் இல்லை. அவர்களுக்குத் தனியாகக் கொடியும் கிடையாது. பீரங்கிதான் கொடி. அதை எதிரியிடம் விட்டுவிட்டு வந்தால், கொடியைப் பறிகொடுத்த மாதிரி அவமானம்.

[9:50] நான்: மாமா, நீங்கள் தேசிய சேவையில் பீரங்கிப் படையில்தானே இருந்தீர்கள்? உங்களுக்கும் யுபிக்வேதானா?

[9:51] குமரன் மாமா: இல்லைம்மா. எங்களுக்கு "இன் ஓரியன்டே பிரைமஸ்". கிழக்கில் முதல். இங்கே சிங்கப்பூரில் 1888ல் தொடங்கிய தன்னார்வப் பீரங்கிப் படையின் வழியில் வந்தது. அதற்கு மேல் கேட்காதே, எனக்கு ஞாபகம் இருப்பது முதுகுவலி மட்டும்தான்.

[9:58] பெரிய மாமா மன்னார்குடி: எதிர்வீட்டு ரிட்டயர்டு ஹவில்தாரிடம் படத்தைக் காட்டினேன். அவரும் பீரங்கிப் படைதான். பார்த்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இந்தியாவில் "சர்வத்ர இஜ்ஜத் ஓ இக்பால்" என்று சொல்வார்களாம்.

[9:59] கார்த்தி: சர்வத்ர என்றாலும் எங்கும்தான் பெரிய மாமா. வெள்ளைக்காரன் போனான், கிரீடம் போனது, "எங்கும்" மட்டும் வேட்டி மாற்றிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டது.

[10:04] நான்: ஒரு சந்தேகம். பள்ளியில் சிலோசோ கோட்டைக்குக் கூட்டிப் போனார்களே, அங்கே கடலைப் பார்த்து நிற்கிற பெரிய பீரங்கிக்குச் சக்கரமே இல்லையே. தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தது.

[10:06] கார்த்தி: அனு, நீ கேட்டாயே அதுதான் கேள்வி. கடற்கரைப் பீரங்கிக்காரன் பிறந்ததிலிருந்து ஒரே கான்க்ரீட் மேடையில்தான் நிற்பான். கப்பல் அவனிடம் வர வேண்டும், அவன் எங்கேயும் போக முடியாது. ஆனால் தொப்பியில் குத்தியிருப்பது சக்கர வண்டி, எழுதியிருப்பது "எங்கும்".

[10:07] கார்த்தி: 1899லிருந்து 1924 வரை கோட்டைப் பீரங்கிக்காரர்களைத் தனிப் பிரிவாகவே வைத்திருந்தார்கள். பிறகு பழையபடி ஒன்றாகச் சேர்த்தார்கள். 1942ல் சிங்கப்பூரில் இரண்டு கடற்கரை ரெஜிமென்ட். 7ஆவது தெற்கே துறைமுகப் பக்கம்: லாப்ரடார், சிலோசோ, பிளாக்காங் மாத்தி. 9ஆவது கிழக்கே: சாங்கி, தேக்கோங் தீவு, அக்கரையில் பெங்கெராங். சின்னத்தில் எண் கிடையாது. எல்லோருக்கும் ஒரே சின்னம். அதனால் இதை வைத்து யாருடையது என்று சொல்ல முடியாது.

[10:08] மலர் சித்தி: பிளாக்காங் மாத்தி என்றால் மலாயில் "பின்னால் சாவு" என்று அர்த்தம். அதற்குத்தான் பிறகு செந்தோசா என்று பெயர் வைத்தார்கள். நம்ம சந்தோஷம்தான். எனக்கும் கொஞ்சம் தெரியும்.

[10:10] கார்த்தி: பெரியம்மா, கிரீடத்தைக் கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். பால்கனி வெளிச்சத்தில்.

[10:15] அம்மா: (படம்)

[10:17] கார்த்தி: கிரீடத்தின் மேல்வளைவு கோயில் குடை மாதிரி வட்டமாக ஏறி இறங்குகிறது. எலிசபெத் ராணி வந்த பிறகு செய்த சின்னங்களில் நடுவில் பள்ளம் விழுந்து, இரண்டு தோள் தூக்கினாற்போல் இருக்கும். இதில் பள்ளம் இல்லை. அதனால் ராஜா காலத்தது. 1950களுக்கு முந்தையது.

[10:18] குமரன் மாமா: அப்படியானால் சண்டைக் காலத்துச் சாமான்.

[10:21] பெரிய மாமா மன்னார்குடி: அந்தச் சண்டையில் என்ன கிழித்தார்கள்? பீரங்கி அத்தனையும் கடலைப் பார்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜப்பான்காரன் சைக்கிளில் பின்வாசல் வழியாக வந்து கதவைத் தட்டினான். ஊருக்கே தெரிந்த கதை.

[10:22] நான்: ஆமாம், எனக்கும் அப்படித்தான் தெரியும்

[10:26] கார்த்தி: ஊருக்கே தெரிந்த கதைதான், ஆனால் பாதிதான் சரி. சாங்கியில் ஜொகூர் பேட்டரி, அதாவது பீரங்கி அணி, ஒன்று இருந்தது. 1935ல் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்கு 5 லட்சம் பவுண்டு கொடுத்தார். அதில் பெரும்பகுதி அந்தப் பீரங்கிகளுக்குப் போனதால் அந்தப் பெயர். 15 அங்குல வாய் உள்ள பீரங்கி மூன்று. ஒரு குண்டு 800 கிலோவுக்கு மேல். 30 கிலோமீட்டர் தாண்டிப் போய் விழும். மூன்றில் இரண்டு தரைப்பக்கமும் திரும்பும். திரும்பிச் சுடவும் செய்தன. திரும்ப முடியாதவை அந்த மூன்றாவதும், மேற்கே புவன விஸ்தாவில் இருந்த இரண்டும்.

[10:27] பெரிய மாமா மன்னார்குடி: திரும்பிச் சுட்டும் ஏன் தோற்றார்கள்?

[10:30] கார்த்தி: குண்டுதான் தப்பு. இருந்ததில் பெரும்பாலானவை கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைத்து உள்ளே போய் வெடிப்பதற்காகச் செய்தவை. அதைச் சேற்றிலும் ரப்பர் தோட்டத்திலும் போட்டால் ஆழமாகப் புதைந்து, மண்ணுக்கு அடியில் வெடிக்கும். மேலே மண் தெறிக்கும், சத்தம் காது கிழியும், பத்தடி தள்ளிப் படுத்திருந்தவன் எழுந்து தூசி தட்டிக்கொண்டு போவான். ஆட்கள் மேல் போடுகிற, தரையிலேயே சிதறுகிற குண்டு அவர்களிடம் கொஞ்சம்தான் இருந்தது. லாப்ரடாரில் இருந்த 6 அங்குலப் பீரங்கிகூடத் திரும்பி பாசிர் பாஞ்சாங் பக்கம் சுட்டது.

[10:31] கார்த்தி: இன்னொன்று. ஜப்பான் கப்பற்படை கடைசிவரை கடல் வழியாக வரவே இல்லை. இந்தப் பீரங்கிகள் இருந்ததால்தான் வரவில்லை. காவலுக்கு நாய் இருக்கிற வாசல் பக்கம் திருடன் வருவானா?

[10:33] பெரிய மாமா மன்னார்குடி: வாசலில் நாய் கட்டினால் கொல்லைப்பக்கம் வேலி போட வேண்டாமா? நான் சொன்னதைத்தான் நீ சுற்றி வளைத்துச் சொல்கிறாய்.

[10:33] குமரன் மாமா: கார்த்தி, இதில் அண்ணன் ஜெயித்துவிட்டார்.

[10:41] அம்மா: இன்னொன்று காட்ட மறந்தேன். சுற்றியிருந்த துணியின் மூலையில் கறுப்பாக ஏதோ போட்டிருக்கிறது. (படம்)

[10:44] கார்த்தி: ஒரு நீளக் கோடு, அதன் மேல் இரண்டு புள்ளி, பக்கத்தில் "ட" மாதிரி ஒன்று. காக்கித் துணி!

[10:45] கார்த்தி: பெரியம்மா, இது பெரிய விஷயமாக இருக்கலாம். ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி அடையாளம் வைத்திருப்பார்கள். கோடு பீரங்கிக் குழல், இரண்டு புள்ளி சக்கரம் அல்லது குண்டு. இதை வைத்து எந்தப் பேட்டரி என்று கண்டுபிடித்துவிடலாம். அந்த "ட"தான் என்னவென்று தெரியவில்லை. தேக்கோங்காக இருக்குமோ?

[10:46] நான்: தேக்கோங்கிற்கு "தே" அல்லவா அண்ணா

[10:46] கார்த்தி: ஆங்கிலத்தில் டி எழுத்து, அனு. யோசி.

[11:05] அம்மா: பாட்டி குளித்துவிட்டு வந்துவிட்டார். நீங்கள் எழுதியதையெல்லாம் படித்துக் காட்டினேன். கார்த்தி எழுதியதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன், இருங்கள்.

[11:09] அம்மா: "அது குண்டும் இல்லை, குழலும் இல்லை. அது டோபி குறி. என் மாமனார் கைக் குறி. அவருக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. சாங்கி கேம்பில் நூறு நூற்றைம்பது பேர் துணி வரும், எல்லாம் ஒரே காக்கி. எவன் சட்டை எவனுக்கு என்று எப்படித் தெரியும்? கோடு எந்த லைன் வீடு, புள்ளி எத்தனையாவது அறை, பக்கத்தில் ஆளுக்கொரு குறி. மூக்கு நீளமானவனுக்கு ஒன்று, நொண்டுகிறவனுக்கு ஒன்று."

[11:10] நான்: ஐயோ பாட்டி

[11:10] குமரன் மாமா: கார்த்தி, ஆளைக் காணோமே?

[11:11] கார்த்தி: இருக்கிறேன் மாமா. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

[11:14] அம்மா: "மையில் எழுதினால் வெள்ளாவியில் போய்விடும். ஊரிலிருந்து சேங்கொட்டை வாங்கி வருவார். ஊசியால் குத்தினால் எண்ணெய் மாதிரிப் பால் வரும். அதில் குறி போட்டு, மேலே சுண்ணாம்பு தடவினால் கறுத்துவிடும். துணி கிழியும், குறி போகாது. கை கொப்பளித்துப் போகும், அதற்குத் தேங்காயெண்ணெய். நான் கல்யாணமாகி வந்தபோதுகூட அவர் விரல் நுனியெல்லாம் கறுப்புதான்."

[11:19] பெரிய மாமா மன்னார்குடி: செல்வி, இதெல்லாம் குழுவில் எதற்கு? தாத்தா கேம்பில் கான்ட்ராக்டர் என்றுதான் நாங்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறோம்.

[11:22] அம்மா: அண்ணா, அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டேன். "அந்தச் சலவைக் காசில்தான் அவன் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்தது என்று எழுது" என்கிறார்.

[11:30] பெரிய மாமா மன்னார்குடி: சரி சரி. அம்மாவை டென்ஷன் ஆக்காதே. மாத்திரை போட்டாரா?

[11:31] அம்மா: போட்டாயிற்று.

[11:33] நான்: பாட்டி, அந்தச் சின்னம் எப்படி நம் வீட்டுக்கு வந்தது?

[11:40] அம்மா: "சீனப் புத்தாண்டு வந்த சமயம். ஒரு ராத்திரி தரை அதிர்ந்து, கட்டியிருந்த துணியெல்லாம் கொடியிலிருந்து விழுந்துவிட்டதாம். குண்டு போடுகிறான் என்று நினைத்துப் பதுங்கினாராம். மறுநாள்தான் தெரிந்தது, வெள்ளைக்காரன் தன் பீரங்கியைத் தானே வெடி வைத்து உடைத்துவிட்டான் என்று. கேம்பே காலி. துவைத்து மடித்து வைத்த துணிக்கு ஆள் வரவில்லை. ஒரு கால்சட்டைப் பையில் இது இருந்தது. ஜப்பான்காரன் பார்த்தால் தலை போகும் என்று வாழைமரத்தடியில் புதைத்து வைத்திருந்தார்."

[11:43] குமரன் மாமா: நான் காலையில் சொன்னேனே, பீரங்கிதான் கொடி என்று. எதிரி கையில் கொடுக்காமல் அவர்களே உடைத்தார்கள். சரணடைந்தது 1942 பிப்ரவரி 15. சாங்கிப் பீரங்கிகளை அதற்குச் சில நாள் முன்பே தகர்த்துவிட்டு, ஆட்களை நகரத்துப் பக்கம் துப்பாக்கியோடு நடக்கவைத்தார்கள். அதோடு மீதிப் பேர் சிறைமுகாம்.

[11:45] கார்த்தி: அப்படியானால் 9ஆவது ரெஜிமென்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சாங்கி அவர்கள் கையில்தான் இருந்தது. பாட்டி, அந்த "ட" யார் என்று தாத்தா எப்போதாவது சொன்னாரா?

[11:49] அம்மா: "பெயர் தெரியாது. உயரமானவன், வாசல் நிலையில் தலை இடித்துக்கொள்வான், அதனால் தலை வளைந்த மாதிரி அந்தக் குறி. காசு கையில் கொடுக்கும்போது சிகரெட்டும் ஒன்று கொடுப்பான். சண்டை முடிந்து மூன்று வருஷம் அந்தத் துணி மூட்டையை வைத்திருந்தாராம், வருவான் என்று. பிறகு துணிக்கு எவ்வளவு பஞ்சம்! பிள்ளைகளுக்குத் தைத்துவிட்டார்கள். குறி இருந்த மூலையை மட்டும் வெட்டி இதில் சுற்றி வைத்தார்."

[11:50] மலர் சித்தி: எனக்கு இதையெல்லாம் யாருமே சொன்னதில்லை

[11:50] அம்மா: எனக்கும்தான்.

[11:56] கார்த்தி: நாளைக்கு யாராவது வருகிறீர்களா? ஜொகூர் பேட்டரி இருந்த இடம் சாங்கியில் இருக்கிறது. 1991ல் சிறைத்துறைக்காரர்கள் தற்செயலாகக் கீழே சுரங்க அறைகளைக் கண்டுபிடித்தார்கள், குண்டு வைக்கிற அறைகள். உள்ளே போக முடியாது. மேலே மாதிரிப் பீரங்கி ஒன்று வைத்திருக்கிறார்கள், புல்வெளி, அவ்வளவுதான். ஒரிஜினல் பீரங்கி எதுவும் மிச்சமில்லை. பிரிட்டனிலேயே 1956ல் கடற்கரைப் பீரங்கிப் படையை மூடிவிட்டார்கள்.

[11:57] நான்: நான் வருகிறேன்

[11:58] குமரன் மாமா: காரை எடுத்து வருகிறேன். பாட்டியால் அந்த வெயிலில் பேருந்து எல்லாம் முடியாது.

[12:02] அம்மா: பாட்டி வருகிறாராம். லாண்டரி எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டுமாம். சாங்கியில் எல்லாம் மாறியிருக்கும் என்று சொன்னேன், கேட்கவில்லை. துணியையும் எடுத்து வர வேண்டுமாம்.

[12:03] கார்த்தி: பாட்டி, இதை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா என்று கேளுங்கள் பெரியம்மா.

[12:07] அம்மா: கொடுக்க முடியாதாம். "அவன் வீட்டாள் யாராவது வந்தால் கொடுக்கலாம். மூன்று சட்டை, இரண்டு கால்சட்டை, சலவைக் கூலி பாக்கி."

[12:08] பெரிய மாமா மன்னார்குடி: வீடியோ கால் போடுங்கள். எதிர்வீட்டு ஹவில்தாரும் பார்க்க வேண்டும் என்கிறார்.

[12:09] மலர் சித்தி: பின்பக்கம் மட்டுமாவது புளி போட்டுத் தேய்க்கட்டுமா?

[12:09] கார்த்தி: அம்மா.