அமெரிக்கக் கல்லூரி அட்மிஷன்: முன்னாள் மாணவர் எடுக்கும் நேர்காணலுக்கு எவ்வளவு மதிப்பு?

கோவை அப்பா:
மகள் பிளஸ் டூ. ஹார்வர்டு, யேல் உட்பட ஆறு இடங்களுக்கு அப்ளை செய்திருக்கிறாள். ஹார்வர்டில் படித்த ஒருவர், ஜூமில் பேசலாமா என்று நேற்று மெயில் அனுப்பியிருக்கிறார். யேலிலிருந்து ஒன்றும் வரவில்லை. கூப்பிட்டாலே பாதி சீட் கிடைத்த மாதிரி, கூப்பிடாவிட்டால் அவ்வளவுதான் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இவளோ தன் எஸ்ஸேயை மனப்பாடம் செய்துகொண்டு ராத்திரி தூங்காமல் கிடக்கிறாள். இந்த நேர்காணலில் என்னதான் பார்க்கிறார்கள்?

பெங்களூர்வாசி:
முதலில் அந்த மனப்பாடத்தை நிறுத்தச் சொல்லுங்கள் சார். நான் படித்த கல்லூரிக்காக ஒன்பது வருடமாகப் பிள்ளைகளிடம் பேசி வருகிறேன், சம்பளம் கிடையாது. பெயர், பள்ளி, போன் நம்பர் மட்டும்தான் எனக்கு வரும். மார்க்கோ எஸ்ஸேயோ கண்ணில் படாது. பேசி முடித்ததும் ஒரு அறிக்கை எழுதுவேன், அது ஃபைலில் இன்னொரு காகிதமாகச் சேரும். முடிவெடுப்பது அட்மிஷன் ஆபீஸ். நான் ஓகோவென்று எழுதிய பல பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை, ரிசல்ட் வரும் நாளில் எனக்கே மனசு கனத்துப்போகும்.

ஆனால் எழுத எனக்கு விஷயம் வேண்டும். ஒரு பையன் தலைமைப் பண்பு, சமூக அக்கறை என்று அரைமணி நேரம் ஒப்பித்தான். எழுத உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் வரவில்லை. அடுத்து வந்த பெண், பாட்டி வீட்டுக் கிணற்று மோட்டாரில் ஏன் அடிக்கடி காயில் எரிகிறது என்று கண்டுபிடிக்க, இரண்டு மாதம் வோல்டேஜை நோட்டில் குறித்து வைத்த கதையைச் சொன்னாள். சாயங்காலம் ஊரே மோட்டார் போடும்போது அது எவ்வளவு இறங்குகிறது என்று கையாலேயே காட்டினாள். அவளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன்.

நியூஜெர்சி அம்மா:
யேலை நினைத்துப் பயப்படாதீர்கள். பேச ஆள் போதாததால் எல்லாரையும் கூப்பிட முடிவதில்லை, கூப்பிடாததால் பாதகமில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகம் 2023இல் இந்த நேர்காணலையே எடுத்துவிட்டது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் நேர்காணலுக்குப் பதில் பிள்ளைகளே எடுத்து அனுப்பும் குட்டி வீடியோ.

பழைய மாணவன்:
இதன் பழைய கதை நல்லதல்ல. 1920களில் யூத மாணவர்கள் கூடிப்போனார்கள் என்று, தேர்வு மார்க் போதாது, 'குணம்' பார்க்க வேண்டும் என ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மாதிரி இடங்கள் போட்டோ, நேர்காணல் எல்லாம் கேட்க ஆரம்பித்தன. அதனால் எனக்கு இதன்மேல் சந்தேகம் இருந்தது. அப்புறம், ஆசிய அமெரிக்கப் பிள்ளைகளிடம் அட்மிஷனில் பாரபட்சம் காட்டுகிறது என்று ஹார்வர்டு மேல் போட்ட வழக்கு 2018இல் பாஸ்டனில் விசாரணைக்கு வந்தபோது, வழக்குப் போட்ட தரப்பு ஒன்றைக் காட்டியது: ஆசிய அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அட்மிஷன் ஆபீஸ் 'பர்சனல் ரேட்டிங்' (குணத்துக்குப் போடும் மதிப்பெண்) குறைவாகப் போட்டிருந்தது, நேரில் பேசிய முன்னாள் மாணவர்களோ வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இணையாகவே போட்டிருந்தார்கள். பேசிப் பார்த்தவருக்கு ஆள் தெரிகிறது. அதற்காகவாவது இது இருக்கட்டும் என்பேன்.

கோவை அப்பா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மோட்டார் கதையைப் படித்துக் காட்டினேன். மாடியில் தேனீப்பெட்டி வைத்து இரண்டு முறை கூட்டம் பறந்துபோனதைச் சொல்லலாமா என்று கேட்கிறாள். ஜூமில் நான் பக்கத்தில் உட்காரலாமா?

பெங்களூர்வாசி:
தேனீயைக் கண்டிப்பாகச் சொல்லட்டும், பறந்துபோனதையும் சேர்த்து. நீங்கள் அடுத்த ரூமில் இருங்கள் சார், கதவைச் சாத்திக்கொண்டு.