தலைப்பிரட்டை இல்லாத பிறப்புக்கு என்ன பெயர்? ஒரு கலைச்சொல் விவாதம்

பாளையங்கோட்டையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். நாம் எழுதிவரும் நீர்நிலவாழிகள் கையேட்டில் முகில்காட்டுச் சலமாண்டர் (பல்லிபோல் வாலும் கால்களும் உள்ள நீர்நிலவாழி) அத்தியாயம் ஒரே ஒரு சொல்லால் நின்றுபோயிருக்கிறது. முட்டையிலிருந்து தலைப்பிரட்டையோ வேறு லார்வாவோ (முதிர்ந்த உருவம் பெறாத இளம்பருவம்) வராமல், தாயின் உருவிலேயே குட்டியூண்டு உயிர் வெளிவருகிறதே, அந்த முறையை 'நேரடி வளர்ச்சி' என்று எழுதி வருகிறோம். எனக்கு அது போதவில்லை. வளர்ச்சி என்றதும் படிப்பவர் எடையையும் நீளத்தையும் நினைக்கிறார். எதிலிருந்து எதற்கு நேரடி என்பதற்கும் சொல்லில் துப்பு இல்லை.

அத்தியாயத்தின் கருத்தே இதைத்தான் நம்பி நிற்கிறது. மெக்சிகோ, குவாத்தமாலா, கோஸ்டா ரிக்கா மலைகளில் வாழும் இந்தச் சலமாண்டர்களுக்கு நுரையீரல் கிடையாது. தோலாலும் வாயின் உட்சவ்வாலும்தான் மூச்சு. தோல் காய்ந்தால் மூச்சும் நின்றது. பாசிக்கு அடியிலோ, மக்கிய மரத்துக்குள்ளோ, கிளைகளில் தொற்றி வளரும் புரோமிலியாட் செடிகளின் இலையிடுக்கிலோ வாழ்நாள் முழுவதையும் கழித்துவிடுகின்றன. முட்டையும் இப்படி ஈரம் தங்கும் மறைவில்தான். இனம் பெருகக் குளமும் வேண்டாம், ஓடையும் வேண்டாம்.

நம் வாசகர் மனத்திலோ தவளை என்றால் குளம். அந்தக் கணக்கில் காப்புத்திட்டம் போட்டால் குளத்துக்கு வேலி வரும், விழுந்த மரம் விறகுக்குப் போகும், சலமாண்டர் அழியும். ஆகவே 'இதற்குக் குளம் வேண்டாம்' என்பது சொல்லைக் கேட்டதுமே உறைக்க வேண்டும். யோசனை தாருங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

அக்கா, 'தலைப்பிரட்டையிலா வளர்ச்சி' என்று வைத்துக்கொள்ளலாமே. கேட்டவுடன் புரியும். அப்படியே சலமாண்டரையும் 'ஈரப்பல்லி' ஆக்கிவிட்டால் ஒலிபெயர்ப்புத் தொல்லை ஒழியும்.

களக்காட்டிலிருந்து

தம்பி, ஈரப்பல்லி வேண்டாம். பல்லிக்குச் செதில் உண்டு, ஓட்டு முட்டை உண்டு, நுரையீரல் உண்டு. சலமாண்டருக்கு மூன்றும் இல்லை (நுரையீரல் உள்ள சலமாண்டர்களும் உண்டு, இங்கே பேசுவது இல்லாத வகை). போதாததற்குப் பல்லி என்று எழுதினால் நம்மூரில் பாதிப் பேர் எந்தப் பக்கம் விழுந்தது, என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுவார்கள். சலமாண்டர் சலமாண்டராகவே இருக்கட்டும்.

'தலைப்பிரட்டையிலா' என்பதும் சரிவராது. குளத்தில் முட்டையிடும் சலமாண்டருக்கும் தலைப்பிரட்டை கிடையாது. அதன் லார்வாவுக்கு வெளியே இறகுபோல் செவுள் நீட்டியிருக்கும், சீக்கிரமே கால் முளைக்கும், சின்னப் பூச்சி புழுவைப் பிடித்துத் தின்னும். டார்ஜிலிங் பக்கத்து இமாலய நியூட் என்ற சலமாண்டர் அப்படிப்பட்டது. நம் நாட்டில் சலமாண்டர் குடும்பத்துக்குக் கிழக்கு இமயமும் வடகிழக்கும்தான் வீடு. நீங்கள் சொல்லும் சொல்லை அதற்கும் ஒட்டவைக்கலாம், தலைப்பிரட்டைதான் இல்லையே! ஆனால் அது குளம் இல்லாமல் பெருகாது. அதற்காகவே ஜோர்போக்ரியில் சரணாலயம் வைத்திருக்கிறார்கள். பொருள் தலைகீழாகிறது, பாருங்கள்.

இன்னொன்று. இந்தச் சொல் குவாத்தமாலாவுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குத்தான் இது அதிகம் வேண்டும். நம் ராவோர்கெஸ்டெஸ் புதர்த்தவளைகள் அத்தனையும் இதே முறைதான். அதில் சலசோடெஸ் என்ற பச்சைத் தவளையை 1876-இல் விலங்கியலாளர் குந்தர் விவரித்தார். அப்புறம் நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. மறுபடி கிடைத்த பிறகு அது எங்கே முட்டையிடுகிறது என்று பார்த்தால், ஈத்தை மூங்கிலின் கணுவிடைக்குள்! இரண்டரை சென்டிமீட்டர்த் தவளை, பூச்சியோ எலியோ போட்டுவைத்த ஒரு சென்டிமீட்டர்கூட வராத கீறல் வழியாக உள்ளே நுழைந்துவிடும். முட்டை ஐந்து முதல் எட்டு. ஆண்தான் காவல்.

அந்தக் காவலை ஏன் கலைக்கக்கூடாது என்பதும் ஆய்வில் தெரிந்தது. ஆணை அகற்றினால் மற்ற ஆண்கள் வந்து முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. 'உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம்' என்று ஒருவர் ஈத்தையைப் பிளந்தால் கணு காய்வது ஒரு கேடு, அப்பன் ஓடிப்போவது இன்னொரு கேடு. கீறல் வழியாக விடும் மெல்லிய குழாய்க் கேமராவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அது உள்ளே போகாத கீறல் என்றால் வெளியே நின்று கூப்பிடும் குரலை எண்ணுவதோடு சரி.

தென்காசியிலிருந்து

களக்காட்டு அண்ணாச்சி சொன்னதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: 'இல்லா' என்று முடியும் எதிர்மறைச் சொல் வேலைக்கு ஆகாது. நடப்பதைச் சொல்லும் சொல் வேண்டும். பள்ளிப் பாடத்தில் 'வளர் உருமாற்றம்' நிலைத்துவிட்டது. அந்த உருமாற்றம் குளத்தில் நடக்காமல் முட்டைக்குள் நடக்கிறது. எனவே 'அகவுருமாற்றம்'. அகம் + உருமாற்றம், வகர உடம்படுமெய். சுருக்கம், இனிமை, பழைய சொல்லோடு உறவு மூன்றும் உண்டு.

பாளையங்கோட்டையிலிருந்து

ஐயா, சொல் அழகு. முதலில் எனக்கும் இதுவே பிடித்தது. ஆனால் உயிரியல் இடம் கொடுக்கவில்லை.

உருமாற்றம் என்றால் ஒன்று உருவாகி, பின்பு கலைந்து, வேறொன்றாக வேண்டும். இந்த முட்டைகளுக்குள் அது பாதிதான் நடக்கிறது. அதிகம் ஆராயப்பட்டது போர்ட்டோ ரிக்கோவின் கோக்கித் தவளை. அதன் கருவில் தலைப்பிரட்டையின் கொம்புத்தாடை தோன்றுவதே இல்லை, நீரசைவை உணரும் பக்கவரிசை உறுப்பும் தோன்றுவதில்லை. கால்மொட்டு வெகு சீக்கிரம் வந்துவிடுகிறது. வால் மட்டும் அகன்று, இரத்தநாளம் நிறைந்து, முட்டைக்குள் மூச்சுக்கு உதவி, பொரிக்கும் சமயத்தில் சுருங்குகிறது. வால் சுருங்குவதற்குத் தைராய்டு இயக்குநீர் வேண்டும் என்பதால் அந்தத் துண்டை உருமாற்றம் என்னலாம். முன்னே சொன்னவை மாற்றமே அல்ல, பக்கங்களைக் கிழித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போவது. நுரையீரலற்ற சலமாண்டரிலும் கருவுக்குச் செவுள் முளைத்து, பொரிக்கும் காலத்தில் மறைகிறது. அதற்காக முழு லார்வா ஒன்று உள்ளே வாழ்ந்து முடிந்தது என்று சொல்ல முடியாது.

'அகவுருமாற்றம்' என்று அச்சேற்றினால் மாணவர் முட்டைக்குள் ஒரு தலைப்பிரட்டையைத் தேடுவார். உள்ளே நடக்கும் இயக்கத்தைப் பற்றிச் சொல் வாக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

அம்பாசமுத்திரத்திலிருந்து

அப்படியானால் வெளியே கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்வோம். முட்டை பொரிக்கும்போது முழு உருவம் வருகிறது. 'முழுவுருப் பொரிப்பு'. வினையாகவும் வரும்: 'முழுவுருவாய்ப் பொரித்தது'. இனத்தைக் குறிக்க 'முழுவுருப் பொரியினம்'. எதிர்ச்சொல்லுக்கு 'லார்வாப் பொரிப்பு'.

தென்காசியிலிருந்து

கோழிக்குஞ்சும் முழுவுருவாகத்தானே பொரிக்கிறது? வீட்டுப் பல்லியும் அப்படியே. பல்லியைத் துரத்திவிட்டு அதன் முட்டையை உள்ளே விட்டுவிட்டீர்களே!

களக்காட்டிலிருந்து

சரியான கேள்வி, ஐயா. ஆனால் கோழிக்கு லார்வாவை யாரும் எதிர்பார்ப்பதில்லை. சொல் தேவைப்படுவது எதிர்பார்ப்பு உடையும் இடத்தில்தான். விளக்கத்தின் முதல் வரியில் 'நீர்நிலவாழிகளில்' என்று ஒரு வரம்பு போட்டால் தீர்ந்தது. நான் அம்பாசமுத்திரத்துத் தம்பி பக்கம்.

களத்தில் இந்தச் சொல் உடனே பலன் தரும். கணக்கெடுப்புப் படிவங்களில் 'இனப்பெருக்கச் சான்று' என்ற கட்டத்துக்குக் கீழே தலைப்பிரட்டை எண்ணிக்கை கேட்பது வழக்கம். நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி மேட்டில் அதே படிவத்தோடு ஏறினால் புதர்த்தவளைக்குப் பூச்சியம் விழும். இங்கே இனப்பெருக்கம் இல்லை என்று அறிக்கை போகும். இரவெல்லாம் காடு முழுக்க அது கத்திக்கொண்டிருக்கும்! முழுவுருப் பொரியினம் என்று முன்கூட்டியே குறித்துவிட்டால் கட்டமே மாறும்: குரல் எண்ணிக்கை, முட்டைத்தொகுதி, காவலிருக்கும் ஆண், நகக்கண் அளவுக் குஞ்சு.

சலமாண்டருக்கும் அதேதான், தேடும் முறை மட்டும் வேறு. விழுந்த மரத்தைப் புரட்டினால் முதலில் உயிரை எடுத்து ஓரமாக வைக்க வேண்டும், பிறகு மரத்தை இருந்த பள்ளத்திலேயே, இருந்த பக்கம் கீழாகவே இறக்க வேண்டும், கடைசியில் உயிரை மரத்தின் விளிம்பில் விட்டால் தானே உள்ளே போய்விடும். உயிர் கீழே இருக்கும்போதே மரத்தை இறக்கினால் நசுங்கும். பக்கம் மாற்றி வைத்தால் அடி ஈரம் போய்விடும், அந்த மறைவு ரொம்ப நாளைக்கு எதற்கும் ஆகாது. பாசியை உரிப்பது, புரோமிலியாட்டைப் பிய்ப்பது அறவே கூடாது. இரவில் தலைவிளக்கோடு இலைமேல் தேடுவதே நல்லது. கொசுமருந்து தடவிய கையால் தொட்டால் அந்தத் தோல் அதையும் உறிஞ்சும். ஒவ்வொரு உயிருக்கும் புதுக் கையுறை.

கையுறை நோய்க்காகவும்தான். குளத்துக்கே போகாத உயிருக்கு, நீரில் நீந்திப் பரவும் கைட்ரிட் பூஞ்சை எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். அதற்குக் குளம் வேண்டாம், தோல்மேல் இருக்கும் நீர்ப்படலமே போதும். 1970களுக்குப் பிறகு மெக்சிகோ, குவாத்தமாலா முகில்காடுகளில் சலமாண்டர்கள் சரிந்தது பதிவாகியிருக்கிறது, அவற்றில் முழுவுருப் பொரியினங்கள் ஏராளம். சலமாண்டர்களைக் குறிவைக்கும் இன்னொரு கைட்ரிட் 2013-இல் நெதர்லாந்தின் தீச்சலமாண்டர்களில் கண்டறியப்பட்டது. பழைய வகைப் பூஞ்சை நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பதிவாகியுள்ளது. ஆகவே ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் காலணிச் சேற்றைப் பிரஷால் தேய்த்துக் கழுவிய பின்பே ப்ளீச் கரைசல். சேற்றோடு முக்கினால் குளோரின் சேற்றிலேயே செலவாகிவிடும். கரைசலை ஓடைப்பக்கம் கொட்டக்கூடாது. அளவுகோல், கத்தரிக்கு 70 விழுக்காடு எத்தனால். முடிவில் எல்லாவற்றையும் முழுக்கக் காயவைக்க வேண்டும். பொதிகையில் மழைக்காலத்தில் அந்தக் கடைசிப் படிதான் நடக்காது, எனவே இரண்டு சோடிக் காலணி வைத்துக்கொள்வது நல்லது.

தென்காசியிலிருந்து

வரம்பு போட்டால் எனக்குத் தடையில்லை. 'முழுவுருப் பொரிப்பு' என்று ஒற்று மிகுத்தே எழுதுங்கள். 'முழு உரு பொரிப்பு' என்று மூன்றாகப் பிய்த்தால் தேடுபொறியில் மூன்று சொல்லாகச் சிதறும்.

'முகில்காடு' பற்றியும் ஒரு கேள்வி. நமக்குத்தான் 'சோலை' இருக்கிறதே?

பாளையங்கோட்டையிலிருந்து

சோலை நம் உயர்மலைக் காட்டுக்கே இருக்கட்டும், ஐயா. அதைச் சொன்னால் கூடவே புல்வெளியும் நினைவுக்கு வரும். நடு அமெரிக்க மலையில் அந்தச் சேர்க்கை இல்லை. மழைக்காடு என்றாலும் விஷயம் விட்டுப்போகும். மழை இல்லாத நாளிலும் முகில் இலையிலும் பாசியிலும் படிந்து சொட்டும் நீரில்தான் அந்தக் காடு ஈரமாக இருக்கிறது. மழைமானியில் அது ஏறாது. முகிலின் அடிமட்டம் மலைமேல் உயர்ந்துபோனால் ஆண்டு மழை குறையாமலே காடு காயும். கோஸ்டா ரிக்காவின் மாண்டிவெர்டேயில் இதைத்தான் 1999-இல் எச்சரித்தார்கள். அங்கிருந்த பொன்தேரை 1989-க்குப் பிறகு காணப்படவில்லை (தேரை குட்டையில் முட்டையிடுவது, அது வேறு வகை). கீழே சமவெளிக் காட்டை வெட்டினாலும் மேலே முகில் உயரும் என்று 2001-இல் காட்டினார்கள். மலைமேல் மட்டும் வேலி போட்டால் போதாது என்பதற்கு அதை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன்.

நல்ல செய்திக்கும் ஒரு பத்தி உண்டு. குவாத்தமாலாவின் குச்சுமத்தானெஸ் மலையில் 1975-இல் கண்ட ஜாக்சன் ஏறுசலமாண்டர் 2017-இல்தான் மறுபடி கிடைத்தது. காப்பகக் காவலர் ஒருவர் மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு குஞ்சைப் பார்த்தார். அந்த நிலம் முன்பே விலைக்கு வாங்கிக் காப்பகமாக்கப்பட்டது. இனம் கிடைக்குமுன் இடத்தைக் காத்ததுதான் அங்கே சரியான வரிசை.

பதிவு இப்படிப் போகிறது:

முழுவுருப் பொரிப்பு (பெயர்): நீர்நிலவாழிகளில், நீரில் வாழும் லார்வாப் பருவம் இன்றி, முதிர்ந்த உயிரின் உருவிலேயே குஞ்சு முட்டையிலிருந்து வெளிவருதல். முட்டை பெரிது, எண்ணிக்கை சிறிது. நீர்நிலை வேண்டாம், முட்டை இருக்கும் இடத்தின் ஈரம் குறையக்கூடாது. எ.கா.: ஈத்தைக் கணுவுக்குள் முட்டையிடும் புதர்த்தவளை, முகில்காட்டு நுரையீரலற்ற சலமாண்டர்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

அக்கா, 'நிலத்தில் முட்டையிடுவன எல்லாம்' என்று எங்கும் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலில்லாத சிசிலியன்களில் இக்தியோஃபிஸ் மண்ணுக்குள் முட்டையிட்டுத் தாய் சுருண்டு காக்கும். ஆனால் பொரிக்கும் லார்வா நீருக்குப் போயாக வேண்டும். கெகனியோஃபிஸில் முட்டையிடும் இனங்கள் நிலத்திலேயே முழுவுருவாய்ப் பொரிக்கும். மண்வெட்டியில் அகப்படும்போது இரண்டையும் பாம்பு, புழு என்றே அடித்துவிடுகிறார்கள். அட்டவணையில் இக்தியோஃபிஸுக்கு லார்வாப் பொரிப்பு, கெகனியோஃபிஸுக்கு முழுவுருப் பொரிப்பு. ஓடைக்கரையைத் தொடாமல் விடச் சொல்வது முதலாவதற்கு, இலைச்சருகை வாரித் தீ வைக்காதே என்பது இரண்டுக்கும்.