மழைக்காலத்தில் அடியழுகும் கள்ளிச்செடிகள்: எஞ்சியவற்றைக் காப்பாற்ற வழி உண்டா?

கேள்வி: வேளச்சேரி மாடம் (சென்னை)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் நான்கு ஆண்டுகளாக வளர்த்துவந்த ஐந்து கள்ளிச்செடிகளை, மேற்படிப்புக்காகப் புணேவுக்குப் புறப்பட்டபோது என் பொறுப்பில் விட்டுச் சென்றாள். மஞ்சள் முட்கள் மூடிய பந்து போன்ற செடி ஒன்று; பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்பு உருண்டை ஒட்டப்பட்ட செடிகள் இரண்டு; முயல்காது போலத் தட்டையாக வளரும் சப்பாத்திக்கள்ளி வகை ஒன்று; நான்கு பட்டைகளுடன் நிமிர்ந்து நிற்கும் முட்செடி ஒன்று. அவள் இருந்தவரை இவை கிழக்கு நோக்கிய பால்கனியில், சிறிய மண்தொட்டிகளில் எக்குறையுமின்றி இருந்தன.

புரட்டாசியில் கொலு வைத்தபோது, படிகளுக்குக் கீழே பூங்கா அமைப்பதற்காக ஐந்தையும் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களுக்கு மாற்றினேன். அந்தக் கிண்ணங்களின் அடியில் துளை கிடையாது. கொலுவை எடுத்துவைத்த சில நாட்களில் மழை தொடங்கிவிட்டதால், செடிகள் நனையாமல் இருக்கட்டும் என்று கூடத்து அலமாரியிலேயே அவற்றை வைத்துவிட்டுச் சனிக்கிழமைதோறும் ஒவ்வொன்றுக்கும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிவந்தேன். கார்த்திகை முடிவில் சிவப்புத்தலைச் செடிகளில் ஒன்று அடியோடு சாய்ந்தது. தொட்டுப் பார்த்தால் தண்டு கூழாகியிருந்தது. இப்போது மஞ்சள் பந்தின் அடிப்பகுதி பழுப்பேறி மென்மையாகிவருகிறது; மற்றொரு சிவப்புத்தலையின் தண்டும் அடியில் மஞ்சளாக மாறுகிறது. மகள் பொங்கலுக்கு வருகிறாள். எஞ்சியவற்றையாவது காப்பாற்ற நான் என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது சரியாக இருக்கும்?

பதில்: செம்மண்காடு (கோயம்புத்தூர்)

வணக்கம் அம்மா. முதலில் இன்றே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து செடிகளையும் கிண்ணங்களிலிருந்து வெளியே எடுத்து, வேரில் ஒட்டியுள்ள ஈரமண்ணை உதிர்த்துவிட்டு, நிழலான, காற்றோட்டமான இடத்தில் செய்தித்தாள் மீது கிடத்துங்கள். ஒரு வாரம் மண்ணில்லாமல் கிடந்தாலும் கள்ளிச்செடி சாகாது; ஈரமண்ணில் இன்னும் ஒரு வாரம் நின்றால் அழுகல் மேலேறிவிடும்.

அடி மென்மையாகிவிட்ட செடிகளைக் கூர்மையான கத்தியால் அழுகலுக்கு மேலே குறுக்காக வெட்டுங்கள். வெட்டுமுகத்தின் நடுவில் ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்திலோ சுற்றியுள்ள சதையிலோ பழுப்பு அல்லது ஆரஞ்சுப் புள்ளி ஒன்று இருந்தாலும் அழுகல் அங்கே வந்துவிட்டது என்று பொருள். எனவே, கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு இன்னும் சிறிது மேலே வெட்ட வேண்டும். சதை முழுவதும் ஒரே நிறமாகத் தெரியும்வரை இதைத் தொடர வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியைத் துடைக்காவிட்டால் நோயை நாமே நல்ல சதைக்கு ஏற்றிவிடுவோம். பிறகு வெட்டுமுகத்தில் கந்தகத் தூளைத் தடவி, தோல்போல் காய்ந்து இறுகும்வரை, அதாவது பத்து நாளிலிருந்து இரண்டு வாரம்வரை, நிழலில் வைத்துவிட்டு உலர்ந்த பருமணலின் மேல் நிறுத்துங்கள். சிவப்புத்தலையின் பச்சைத் தண்டு இவ்வாறு எளிதாக வேர்விடும். மஞ்சள் பந்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அவ்வகை வெட்டிய பின் வேர்விடுவது அரிது, மாதக்கணக்கிலும் ஆகலாம். இருந்தாலும் முயன்று பாருங்கள்.

இனிக் காரணத்துக்கு வருகிறேன். கள்ளிச்செடியைக் கொல்வது பெரும்பாலும் மழை அன்று, வேரைச் சுற்றித் தங்கும் ஈரம். வேருக்கும் காற்று வேண்டும். துளையில்லாத கிண்ணத்தில் தண்ணீர் மண்ணின் இடைவெளிகளை அடைத்துக்கொள்வதால் நுண்வேர்கள் மூச்சுத்திணறி மடிகின்றன, மடிந்த வேர்களின் வழியாகப் பூஞ்சை உள்ளே நுழைகிறது. தங்கள் செடிகளுக்கு அதே காலத்தில் வெயிலும் கிடைக்கவில்லை. வெளிச்சம் குறைந்த கூடத்தில் செடி தண்ணீரைச் செலவழிப்பதே இல்லை. ஆகவே அரை டம்ளர் அதிகம் என்பதைவிட, முந்தைய அரை டம்ளர் காயும் முன்பே அடுத்தது வந்து சேர்ந்தது என்பதுதான் சிக்கல். பால்கனியில் வெயில்படும் மண்தொட்டியில் அதே அளவைத் தங்கள் மகள் ஊற்றியிருந்தாலும் செடிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

எனவே "எவ்வளவு நாளைக்கு ஒருமுறை" என்ற கேள்விக்கு நாள்கணக்கில் விடை கிடையாது. ஊதுவத்தி எரிந்து முடிந்தபின் எஞ்சும் மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, கால் மணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சி குளிர்ச்சியாகவோ நிறம் கறுத்தோ வந்தால் தண்ணீர் வேண்டாம். முழுவதும் உலர்ந்து வந்தால் மேலும் இரண்டு மூன்று நாள் பொறுத்து, துளை வழியே வழிந்தோடும்வரை தாராளமாக ஊற்றிவிட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். நான் பயன்படுத்தும் மண்கலவை ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்கு மட்கிய தொழு உரம், இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு உடைத்த செங்கல். நர்சரிகளில் பெரும்பாலும் தென்னைநார்க் கழிவில் நட்டே விற்கிறார்கள். அது நெடுநாள் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் வாங்கிய உடனே மாற்றிவிடுவது நல்லது.

கோடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான செடிகள் பகலில் தம் நுண்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. கள்ளிச்செடியோ, நீர் ஆவியாகிப் போய்விடாமல் இருக்கப் பகலில் அவற்றை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து, வாயுவை அமிலமாகச் சேமித்து மறுநாள் வெயிலில் பயன்படுத்துகிறது. சென்னையில் மே மாத இரவுகளிலும் வெப்பம் 28 பாகைக்கு அருகிலேயே நிற்பதால், குளிர்ந்த இரவுகளுக்குப் பழகிய பல வகைகள் அப்போது வளர்ச்சியை நிறுத்திவிடுகின்றன. அந்த நேரத்தில், வெயில் கொளுத்துகிறதே என்று இரக்கப்பட்டுத் தண்ணீரைக் கூட்டுபவர்கள் பலர். என் முதல் தொகுதிச் செடிகளில் பாதியைக் கத்திரி வெயிலில் அப்படித்தான் இழந்தேன்.

பதில்: மலைச்சாரல் (கண்டி)

வணக்கம். மேலே சொல்லப்பட்டவற்றுடன் உடன்படுகிறேன். ஆனால் எல்லாக் கள்ளிகளையும் பாலைவனச் செடிகளாகக் கருதி ஒரே விதமாகப் பராமரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உங்களிடம் உள்ள மஞ்சள் பந்தின் பூர்வீகம் நடு மெக்சிகோவின் வறண்ட பாறைச் சரிவுகள். அது தன் இயற்கை வாழிடத்தில் இன்று அருகிவரும் செடி. வீடுகளில் உள்ளவை விதையிலிருந்து வளர்க்கப்பட்டவை. சிவப்புத்தலையின் கதை வேறு. சிவப்பு உருண்டை தென்னமெரிக்கக் கள்ளி ஒன்றின் பச்சையமற்ற வடிவம். தானாக உணவு தயாரிக்க அதனால் இயலாது. அதைத் தாங்கி ஊட்டும் பச்சைத் தண்டு, நாம் பழத்துக்காக வளர்க்கும் டிராகன் பழக்கொடியின் இனம். வெப்பமண்டலக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும் அந்தக் கொடிக்கு, மஞ்சள் பந்துக்கு வேண்டியதைவிடக் கூடுதலான ஈரமும் மென்மையான வெளிச்சமும் தேவை. இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே அளவு ஊற்றினால், ஒன்று வாடும் அல்லது மற்றொன்று அழுகும்.

மரங்களில் தொற்றி வாழும் கள்ளிகள் பலருக்கும் வியப்பளிப்பவை. கள்ளிக் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. அதற்கு வெளியே இயற்கையாகக் காணப்படுவது ரிப்சாலிஸ் என்னும் ஒரே ஓர் இனம்தான். அது ஆப்பிரிக்காவிலும் எங்கள் இலங்கைக் காடுகளிலும் மரக்கிளைகளிலிருந்து பச்சை நூல்களைப் போலத் தொங்குகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் பிரம்ம கமலம் என்று அழைத்து, இரவில் அது மலரும்போது அயலாரை அழைத்துக் காட்டுகிறார்களே, அதுவும் மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் சேர்ந்த மரத்தொற்றுக் கள்ளிதான். இமயமலையின் பிரம்ம கமலம் முற்றிலும் வேறு செடி. ஆகவே தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் முன், அந்தச் செடி எந்த நிலத்திலிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்வதே என் பழக்கம்.

மீண்டும் வேளச்சேரி மாடம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்தையும் வெளியே எடுத்தேன். மஞ்சள் பந்தில் மூன்றாம் வெட்டில்தான் தூய சதை தெரிந்தது. இப்போது மேல்பாதி மட்டுமே எஞ்சியிருக்கிறது. சிவப்புத்தலையின் தண்டில் ஒரே வெட்டு போதுமானதாக இருந்தது. இரண்டு ஐயங்கள் எழுகின்றன. நான்கு பட்டைச் செடியின் வேர் ஒன்றை நறுக்கியபோது வெள்ளைப் பால் வடிந்தது, அதுவும் நோயா? முயல்காதுச் செடியின் மடிப்புகளில் பஞ்சு போன்ற வெள்ளைத் திட்டுகளும் உள்ளன.

பதில்: செம்மண்காடு

நான்கு பட்டைச் செடியில் பால் வடிந்தால் அது மேலே சொன்ன அமெரிக்கக் குடும்பத்துக் கள்ளியே அன்று. நம் ஊர்ச் சதுரக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவற்றின் உறவாக இருக்கும். தமிழில் இரண்டு குடும்பங்களையும் கள்ளி என்றே சொல்வதால் இந்தக் குழப்பம் இயல்பானது. முட்கள் ஒவ்வொன்றும் பஞ்சு போன்ற சிறு திட்டிலிருந்து கிளம்பினால் அது அமெரிக்கக் கள்ளி. அத்திட்டு இல்லாமல், நறுக்கியதும் பால் வந்தால் மற்றது. அந்தப் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் பார்வைக்குத் தீங்கும் விளையும். அதனால் கையுறை அணிந்து வேலை செய்யுங்கள். கண்ணைத் தொடும் முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் நிறைய நீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

வெள்ளைத் திட்டு பெரும்பாலும் மாவுப்பூச்சியாக இருக்கும்; காதுகுடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு திட்டாகத் துடைத்து, வாரத்துக்கு ஒருமுறை என மூன்று வாரம் தொடருங்கள். நசுக்கியதும் செந்நிறச் சாறு வந்தால் அது கொச்சினீல் பூச்சி. தென்னிந்திய நிலங்களை ஆக்கிரமித்திருந்த சப்பாத்திக்கள்ளியை அழிப்பதற்காகவே அவ்வகைப் பூச்சி ஒன்றை 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்தார்கள். அதற்கும் இதே மருத்துவம்தான்; மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைத்துவிடுங்கள்.

மூன்று மாதம் கூடத்தில் இருந்த செடிகளை ஒரேயடியாக வெயிலில் வைக்காதீர்கள். தோல் வெந்து வெளுத்த தழும்பு பிறகு மாறாது. முதல் வாரம் காலை ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் என்று பழக்குங்கள்.

மீண்டும் வேளச்சேரி மாடம்

நசுக்கிப் பார்த்தேன், செந்நிறம் இல்லை, மாவுப்பூச்சிதான். மகளிடம் நேற்றிரவு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கோபிக்கவில்லை, பந்தின் மேல்பாதியை எறிந்துவிட வேண்டாம், வந்து தானே மணலில் வைப்பதாகச் சொன்னாள். பழைய மண்தொட்டிகள் மொட்டைமாடியில் அப்படியே இருந்தன, கழுவிக் காயவைத்திருக்கிறேன்.