‘கியூ’ உள்ள ஐந்தெழுத்துச் சொற்கள் தேவை

வணக்கம் உறவுகளே. வட்டக்கச்சியில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சொல் விளையாட்டு ஒன்று தயாரிக்கிறேன். ‘கியூ’ உள்ள ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள், தமிழ்ப் பொருளோடு வேண்டும்.

குவீன், குவிக், ஈக்குவல் எல்லாம் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். குவெய்ல் என்றால் காடை, ஸ்குவிட் என்றால் கணவாய். இவையும் கைவசம் உண்டு. ‘கியூ’வை அடுத்து ‘யூ’ வராத சொற்களுக்குத்தான் பஞ்சம். முகத்திரையான நிகாப் ஒன்று. மற்றது கனாத்: மலையடி நீரை வயலுக்குக் கொண்டுவர ஈரானில் நிலத்துக்கு அடியில் வெட்டும் வாய்க்கால். இரணைமடு வாய்க்காலில் குளிக்கும் பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கும்.

வேறு தெரிந்தால் எழுதுங்கள். வினைச்சொல் என்றால் இன்னும் நல்லது. கட்டார் வேண்டாம், பாதிப் பிள்ளைகளின் தகப்பன்மார் அங்கேதான் வேலை செய்கிறார்கள், ஆனாலும் நாட்டுப்பெயர் சேராது. சனிக்கிழமைக்குள் கிடைத்தால் பேருதவி.