போஸ்ட்கிரெஸ்: யூசர், ரோல், குரூப் மூன்றும் ஒன்றா? ரோலில் சேர்த்த பின்னும் டேட்டாபேஸ் உருவாக்க அனுமதி மறுக்கப்படுவது ஏன்?

கேள்வி

வணக்கம். எங்கள் குழுவில் புதிதாகச் சேருவோருக்காகப் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 16-ஆம் பதிப்பில் அணுகல் நிர்வாகம் (யார் எதைச் செய்யலாம் என்பது) பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். அதிகாரபூர்வ ஆவணத்தில் ஓரிடத்தில் யூசர் என்றும், அடுத்த பத்தியில் ரோல் என்றும், பழைய குறிப்புகளில் குரூப் என்றும் வருவதால், இவை மூன்று தனிப் பொருள்களா, ஒன்றுக்கே மூன்று பெயர்களா என்று தெளிவாக எழுத முடியவில்லை.

குழப்பம் சொல்லோடு நிற்கவில்லை. 'அறிக்கை' என்ற ரோலை உருவாக்கி, அதற்குச் சில அட்டவணைகளைப் படிக்கும் உரிமையையும், புதிய டேட்டாபேஸ் உருவாக்கும் கிரியேட்டிடிபி அனுமதியையும் கொடுத்தேன். பிறகு 'ஆய்வாளர்' என்ற யூசரை அந்த ரோலில் உறுப்பினராக்கினேன். ஆய்வாளரால் அட்டவணைகளைப் படிக்க முடிகிறது. ஆனால் டேட்டாபேஸ் உருவாக்க முயன்றால் அனுமதி மறுக்கப்படுகிறது. ஒரே ரோலிலிருந்து வந்த இரண்டில் ஒன்று மட்டும் வேலை செய்வது ஏன் என்று விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 1

நான் மைஎஸ்க்யூஎல் என்ற வேறொரு டேட்டாபேஸ் மென்பொருளில் வேலை செய்பவன். அங்கே 8.0 பதிப்பில்தான் ரோல் என்பதே வந்தது. ஒரு யூசருக்கு ரோலைக் கொடுத்தால் மட்டும் போதாது. அமர்வில் அதைச் செயல்படுத்த வேண்டும், அல்லது செட் டிஃபால்ட் ரோல் கட்டளையால் முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். நீங்களும் அந்தப் படியை விட்டுவிட்டீர்களோ என்று தோன்றுகிறது.

மறுமொழி 2

முந்தைய மறுமொழி மைஎஸ்க்யூஎல்லுக்குச் சரியே. ஆனால் ரோலே செயல்படவில்லை என்றால் ஆய்வாளரால் அட்டவணைகளையும் படித்திருக்க முடியாது. எனவே காரணம் வேறு.

முதலில் சொற்களைப் பார்ப்போம். 8.1 பதிப்புக்கு முன்பு போஸ்ட்கிரெஸில் யூசரும் குரூப்பும் உண்மையிலேயே தனித்தனிப் பொருள்களாக இருந்தன. 2005-இல் வெளிவந்த அந்தப் பதிப்பில் இரண்டும் ரோல் என்ற ஒரே பொருளுக்குள் அடங்கின. பழைய கட்டளைகள் மட்டும் மாற்றுப் பெயர்களாகத் தொடர்கின்றன. கிரியேட் யூசர் என்று எழுதினாலும் உருவாவது ரோல்தான். உள்நுழைய விடும் லாகின் என்ற பண்பு அதில் இயல்பாகவே சேர்ந்துவிடும், கிரியேட் ரோலில் நாமே கேட்டால்தான் சேரும் என்பதைத் தவிர இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. லாகின் பண்பை ஒரு ரோலிலிருந்து நீக்கிப் பாருங்கள்: பிஜி_யூசர் பட்டியலில் இருந்த பெயர் அங்கே மறைந்து பிஜி_குரூப் பட்டியலில் தோன்றும், ரோல் என்னவோ அதேதான்.

உங்கள் சிக்கலின் வேர், பண்பு, உரிமை என்ற இரண்டையும் 'அனுமதி' என்ற ஒரே சொல்லால் குறித்ததில் இருக்கிறது. அட்டவணையைப் படிப்பது ஒரு பொருளின் மீது கிராண்ட் கட்டளையால் தரப்படும் உரிமை; இன்ஹெரிட் (ரோலின் உரிமைகளை உறுப்பினருக்குக் கடத்தும் அமைப்பு) நடைமுறையில் இருக்கும்வரை அது உறுப்பினருக்குத் தானாகவே வந்து சேரும். கிரியேட்டிடிபி அப்படிப்பட்டதன்று, லாகின், சூப்பர்யூசர், கிரியேட்ரோல் ஆகியவற்றைப் போல அது ரோலின் மீதே பதிந்த பண்பு, உறுப்பினருக்கு ஒருபோதும் தானாக இறங்காது. ஆய்வாளர் முதலில் 'செட் ரோல் அறிக்கை' என்று கட்டளையிட்டு அந்த ரோலாகவே மாற வேண்டும். அதன் பிறகு டேட்டாபேஸ் உருவாகும். அப்போது அதன் உரிமையாளர் ஆய்வாளர் அல்லர், 'அறிக்கை' ரோல்தான் என்பதையும் கையேட்டில் எழுதுங்கள். ஒருவர் குழுவை விட்டு விலகும் நாளில் இது பெரிதும் உதவும்.

நீங்கள் 16-ஐப் பயன்படுத்துவதால் இன்னொன்று. முன்பு இன்ஹெரிட் என்பது உறுப்பினர் ரோலின் பண்பாக மட்டுமே இருந்தது. 16-இல் ஒவ்வொரு உறுப்பினர் சேர்க்கைக்கும் இன்ஹெரிட், செட் (அந்த ரோலாக மாற விடுவது) என்ற இரண்டையும் தனித்தனியே குறிக்கலாம். செட் மறுக்கப்பட்டிருந்தால் மேலே சொன்ன செட் ரோல் கட்டளையும் நடக்காது. இவற்றைப் பார்க்க, போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கருவியான பிஎஸ்க்யூஎல்லில் \டிஆர்ஜி என்ற புதிய கட்டளை உள்ளது. \டியூ இப்போது பண்புகளை மட்டுமே காட்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. செட் ரோல் செய்த பின் டேட்டாபேஸ் உருவானது. உரிமையாளரும் நீங்கள் சொன்னபடியே 'அறிக்கை' என்றுதான் இருக்கிறது. கையேட்டில் இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்: "ஒவ்வொரு டேட்டாபேஸிலும் ரோல்கள் உள்ளன. உள்நுழையக்கூடிய ரோலை யூசர் என்கிறோம். உரிமை உறுப்பினருக்கு வரும், பண்பு வராது." ரோல் என்பதைப் 'பங்கு' என்று தமிழாக்கலாமா?

மறுமொழி 2

'பங்கு' என்றால் பகுதி, பங்குச்சந்தை என்ற பொருள்கள்தாம் முதலில் மனத்தில் எழும். 'பாத்திரம்' அதைவிடக் குழப்பும். வாசகர் திரையில் தட்டச்சு செய்யப்போகும் சொல்லும் ரோல்தான் என்பதால், அதை அப்படியே வைப்பதே நேர்மையானது என்பது என் கருத்து. பண்பு, உரிமை, உறுப்பினர், உரிமையாளர் ஆகிய நான்குக்கும் தமிழ்ச் சொற்கள் நன்றாகவே பொருந்துகின்றன. 'அனுமதி' என்ற சொல்லை மட்டும் கையேடு முழுவதிலும் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் முதல் வாக்கியம் தவறு. ரோல்கள் ஒரு டேட்டாபேஸுக்குள் இருப்பவை அல்ல. கிளஸ்டர் முழுமைக்கும் பொதுவானவை. கிளஸ்டர் என்ற சொல்லும் புதியவரை ஏமாற்றும்: இங்கே அது பல கணினிகளின் தொகுப்பன்று, ஒரே சர்வர் நிர்வகிக்கும் டேட்டாபேஸ்களின் தொகுப்பு. ஒரு டேட்டாபேஸுக்காக உருவாக்கிய ரோலின் பெயர் அதே சர்வரின் மற்ற டேட்டாபேஸ்களிலும் தெரியும். ஆனால் அட்டவணைகளின் மீதான உரிமைகள் அந்தந்த டேட்டாபேஸுக்குள்தான் தரப்பட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அந்த வாக்கியத்தை "ரோல்கள் கிளஸ்டர் முழுமைக்கும் பொதுவானவை, அட்டவணை உரிமைகள் ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனியானவை" என்று திருத்தி, கிளஸ்டருக்கான விளக்கத்தை அதன் கீழேயே சேர்த்துவிட்டேன். 'அனுமதி' பதினோர் இடங்களில் இருந்தது. ஏழில் 'உரிமை' என்றும் நான்கில் 'பண்பு' என்றும் மாற்றினேன்.