பரணில் கிடைத்த மளிகை நோட்டு, யாராவது படித்துச் சொல்லுங்களேன்

கேள்வி:
கும்பகோணத்தில் எங்கள் பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு மளிகைப் பற்று நோட்டு கிடைத்தது. ஒரு முழ நீளம், அகலம் ஒரு சாண்கூட இல்லை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே "தாது ௵ ஆடி ௴ 12 ௳". கடையின் பெயர் எங்குமே இல்லை. முதல் நாள் கணக்கை அப்படியே தருகிறேன்:

புளி வீசை 1 – 0-2-6
௸ துவரம்பருப்பு படி 2 – 0-6-0
௸ சீமெண்ணெய் புட்டி 1 – 0-2-0
௸ லக்ஸ் சோப்பு 1
௸ பாட்டரி 2

கடைசி இரண்டுக்கும் விலை மேல் எண்ணெய்க் கறை, தெரியவில்லை. முதல் வரி தவிர மற்ற எல்லா வரிக்கும் முன்னால் ஷ மாதிரி ஒரு எழுத்து வருகிறதே, அது என்ன? ஷேக் என்று ஒரு கடைக்காரர் இருந்திருக்கிறார் போல என்று அம்மாவிடம் சொல்லியும் விட்டேன். 0-2-6 என்றால் இரண்டு ரூபாய் ஆறணாவா? இன்னொன்று, இது தாது வருஷப் பஞ்சத்தில் எழுதிய நோட்டு என்றுதான் வீட்டில் பேச்சு.

பதில் 1:
தம்பி, அந்த ஷேக்கைப் போகச் சொல்லுங்கள். அது "மேற்படி". மேலே போட்ட தேதியேதான் என்று அர்த்தம். சிலர் வாயால் வாசிக்கும்போது "ஷை" என்றே வாசிப்பார்கள். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. பற்றுக்கும் வரவுக்கும்கூடத் தனிக் குறி உண்டு, தேடிப் பாருங்கள், ௶ பற்று, ௷ வரவு.

காசு ரூபாய், அணா, பைசா என்று மூன்று கட்டம். கட்டத்தில் எழுதுகிற இந்தப் பைசா பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். ஆக உங்கள் புளி இரண்டரை அணா. வீசை என்பது நாற்பது பலம், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1.4 கிலோ. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. அந்தப் படி எத்தனை லிட்டர் என்று மட்டும் கேட்காதீர்கள், பெரிய படி, சின்னப் படி என்று ஊருக்கு ஊர் மாறும்.

நான் பதினான்கு வயதில் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் போனவன். புதுக்காசு 1957 ஏப்ரலில் வந்துவிட்டது, ஆனால் நான் சேர்ந்தபோதும் கல்லாவில் இருந்த முதலாளி அணாவில்தான் மனக்கணக்குப் போட்டு, கடைசியில் நயா பைசாவுக்கு மாற்றிச் சொல்வார். கிலோக் கல் வந்த பிறகும் வீசைக் கல்லை மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். கிழவிகள் கிலோவை நம்பவில்லை, அதுதான் காரணம்.

சீமெண்ணெய் "புட்டி 1" என்பது கடை புட்டி இல்லை. வீட்டிலிருந்து கொண்டு வருவார்கள், கழுத்தில் சணல் கட்டித் தொங்கும். அந்தக் கையோடு பருப்பைத் தொட்டால் முதுகில் அறை விழும். கடையின் ஒரு மூலையே அதற்குத் தனி. தகர டின், ஒரு புனல், கை துடைக்கச் சாக்கு. எத்தனை துடைத்தாலும் வாடை போகாது, ராத்திரி சோற்றிலும் அடிக்கும்.

பதில் 2:
பஞ்சத்து நோட்டு இல்லை. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். பஞ்சம் வந்த தாது 1876, அடுத்த தாது 1936. லக்ஸ் சோப்பு இந்தியாவில் விற்பனைக்கு வந்ததே 1929இல்தான். பாட்டரி என்பது டார்ச் விளக்குக்காக இருக்கும். ஆடி 12 என்றால் 1936 ஜூலை கடைசி வாரம்.

வீட்டில் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதும் புரிகிறது. தாது என்றாலே நம் ஊரில் பஞ்சம்தான் நினைவு. பாட்டிமார்கள் "தாது வருஷத்துலகூட இப்படிப் பார்க்கலை" என்று எதற்கெடுத்தாலும் சொல்வார்கள் இல்லையா.

பதில் 3:
பஞ்சத்தில் எவன் லக்ஸ் வாங்குவான்! அது இருக்கட்டும், நோட்டில் "ஈயம் பூச" என்று கூலி எதுவும் இருக்கிறதா? பித்தளைப் பாத்திரத்தில் புளி ஊற்றிச் சமைக்கிற வீடு என்றால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்தாக வேண்டும்.

கேட்டவர்:
ஐயா, எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் ஷேக் கதையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன், இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஈயம் பூச இரண்டு இடத்தில் இருக்கிறது. ஆனால் மளிகைக் கடைக் கணக்கில் அது எப்படி வந்தது? கடைக்காரரே கூலியைக் கொடுத்துவிட்டுப் பற்றில் எழுதினாரா?

சோப்பு மாதம் ஒன்றுதான். அது பெரியம்மா பாட்டிக்கு மட்டும் என்று அம்மா சொல்கிறார், மற்றவர்களுக்குச் சீயக்காயும் பயத்தமாவும்.

நீங்கள் சொன்ன ௷ குறியையும் தேடினேன். மாதா மாதம் வரவு இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் மட்டும் இல்லை. 3-4-0 பற்று, கீழே ஒரு கோடு, அவ்வளவுதான்.

பதில் 1:
ஆமாம் தம்பி, ஈயக்காரனுக்குக் கடையில் வாங்கிக்கொள் என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். நாங்களும் கொடுத்திருக்கிறோம். அந்த மூன்று ரூபாய் நாலணாவுக்குப் புது நோட்டு போட்டு, முதல் வரியில் "பழைய பாக்கி" என்று ஏற்றியிருப்பார். பரணை இன்னொரு தடவை பாருங்கள்.