அவித்த முட்டையைக் கண்டாலே ஓங்கரிக்கும் மகள்: என்ன செய்யலாம்?

நிலாக்குட்டி அம்மா, கரூர்

மகளுக்கு மூன்று வயது. ஒன்றரை வயது வரைக்கும் பீட்ரூட், கீரை, பருப்பு என்று எதைக் கொடுத்தாலும் வாயைத் திறந்தவள், இப்போது தயிர் சாதம், சர்க்கரை தொட்டு இட்லி, முறுகல் தோசை, பிஸ்கட், இவ்வளவுதான். காய் என்றால் உருளைக்கிழங்கு வறுவல் மட்டும். சாதத்தில் ஒரு கறிவேப்பிலை கண்ணில் பட்டால் தட்டையே தள்ளிவிடுகிறாள்.

முட்டை விரும்பிச் சாப்பிடுவாள். தீபாவளி சமயத்தில் ஒரு நாள் காலையில் அவித்த முட்டை சாப்பிட்டாள், மதியத்திலிருந்து வாந்தியும் வயிற்றுப்போக்கும். வீட்டில் எல்லோருக்குமே அந்த வாரம் வயிறு சரியில்லை, அதனால் முட்டையால் வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அன்றிலிருந்து முட்டை வாசனை வந்தாலே ஓங்கரிக்கிறாள். மாமியார் ஒரு நாள் பட்டினி போட்டால் தானாகச் சாப்பிடுவாள் என்கிறார், எங்கள் அம்மா போனைக் காட்டி ஊட்டிவிடு என்கிறார். எடை 12.5 கிலோ. விளையாட்டில் குறை இல்லை. சாப்பாட்டு வேளை வந்தாலே எனக்கும் அவளுக்கும் அழுகைதான், ஒரு வேளை முடிய ஒரு மணி நேரம் ஆகிறது.

ரெண்டு வாலு வீடு, திருச்சி

முதலில் எடையைப் பற்றிய பயத்தை விடுங்கள். உலக சுகாதார நிறுவன அட்டவணையில் மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு நடு அளவு 13.9 கிலோ, 10.8க்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்பார்கள். உங்கள் மகள் அதற்கு நன்றாக மேலேதான் இருக்கிறாள். பிறந்த எடை முதல் வருடத்திலேயே மூன்று மடங்கு ஆகிறது, அப்புறம் வருடத்துக்கு இரண்டு கிலோ சொச்சம்தான் கூடும். வளர்ச்சி மெதுவானால் பசியும் குறையத்தானே செய்யும்? நாம்தான் ஒரு வயதுக் குழந்தை சாப்பிட்ட வேகத்தையே நினைத்துக்கொண்டு கிண்ணத்தை நிரப்புகிறோம். புதிய உணவைக் கண்டால் பயப்படுவதும் இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் அதிகமாக இருக்கும், அது பிடிவாதம் இல்லை.

முட்டையைச் சில மாதம் அவள் தட்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நீங்கள் சாப்பிடுங்கள், அவள் பார்க்கட்டும், "ஒரு வாய்" என்று மட்டும் கேட்காதீர்கள். தோசை மாவில் தெரியாமல் கலந்து கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், அதைச் செய்யவே செய்யாதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் இருக்கிற தோசையும் போய்விடும்.

மீனாட்சிபுரம் பாட்டி

நாங்கள் ஐந்து பிள்ளைகளை வளர்த்தோம், அட்டவணை எதுவும் பார்க்கவில்லை. பசி இருந்தால் சாப்பிடு, இல்லாவிட்டால் போய் விளையாடு, அவ்வளவுதான். பசித்தால் தானாக வரும். இந்தக் காலத்தில்தான் பிஸ்கட்டைக் கையில் கொடுத்துவிட்டுச் சோறு இறங்கவில்லை என்று புலம்புகிறீர்கள்.

வார்டு அக்கா

பாட்டி பிஸ்கட்டைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் குழந்தைகள் வார்டில் செவிலியர். கரூர் அம்மா, நீங்கள் எழுதாத இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறாள்? மண், சாக்பீஸ், பச்சரிசி, சுவர்ச் சுண்ணாம்பு, இப்படி எதையாவது வாயில் போடுகிறாளா? மலம் இறுகிப் போகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

நிலாக்குட்டி அம்மா, கரூர்

பால் காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒன்று, ராத்திரி தூங்கும்போது பாட்டிலில் ஒன்று. சரியாகச் சாப்பிடாத நாளில் வயிறு காயக் கூடாதே என்று இன்னொன்று. டம்ளர் 200 மில்லி இருக்கும். நீங்கள் கேட்டதும்தான் யோசிக்கிறேன் அக்கா, அரிசி டப்பாவைத் திறந்து வைத்தால் ஒரு கை அள்ளி மென்றுகொண்டே இருப்பாள், நாங்கள் விளையாட்டு என்று விட்டுவிட்டோம். மலம் இறுகித்தான் போகிறது.

வார்டு அக்கா

அப்படியானால் சமையலை மாற்றுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை. அரசு மருத்துவமனையிலேயே ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், இந்த வயதில் 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. பாலில் இரும்புச்சத்து கிட்டத்தட்ட இல்லை, அதிலுள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பையும் உடம்பில் சேர விடாது, வயிற்றையும் நிரப்பிவிடும். 600, 800 மில்லி போகிற வயிற்றில் சோற்றுக்கு எங்கே இடம்? இரும்புச்சத்து குறைந்தால் பசி மந்தமாகும், பச்சரிசி மெல்லவும் தோன்றும். பசி இல்லை என்று நாம் இன்னொரு டம்ளர் பால் கொடுப்போம், அது அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். மலச்சிக்கல் இருந்தாலும் பசிக்காது.

பாலை நாளைக்கு 400 மில்லிக்குள் கொண்டுவாருங்கள், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு, டம்ளரில். ராத்திரி பாட்டிலைத்தான் முதலில் நிறுத்த வேண்டும், பல்லுக்கும் அது கேடு. நான்கைந்து நாள் அழுவாள். குடற்புழு மாத்திரை போட்டு ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

கோவை அப்பா

பாட்டிக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. "பசித்தால் சாப்பிடும்" என்பது பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரி, என் மகனுக்குச் செல்லாது. அவனுக்கு ஆட்டிசம். வழவழவென்று எது இருந்தாலும் நாக்கில் பட்டவுடன் குமட்டும், வெண்டைக்காயும் வாழைப்பழமும் அவனுக்கு ஒன்றுதான். பட்டினி போட்டால் பட்டினியாகவே இருப்பான். சாப்பிடும் உணவுகள் மாதாமாதம் ஒன்றொன்றாகக் குறைந்துகொண்டே போனாலோ, எடை இறங்கினாலோ, விழுங்கும்போது இருமலோ புரையேறுவதோ அடிக்கடி வந்தாலோ, அது வெறும் அடம் இல்லை. இதற்கென்று தனியாகவே ஒரு நோயறிதல் இருக்கிறது, 2013இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் சேர்த்தார்கள். எங்களுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான், அதாவது அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்தான், வழி காட்டினார்.

முட்டை விஷயம் வேறு. சாப்பிட்ட பின் வாந்தி வந்தால், காரணம் வேறாக இருந்தாலும் உடம்பு அந்த உணவின் மேல்தான் பழி போடும். 1955இல் ஜான் கார்சியா என்ற ஆய்வாளர் எலிகளிடம் இதைக் காட்டினார்: இனிப்புத் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் குமட்டலை உண்டாக்கும் கதிர்வீச்சுக்கு உள்ளான எலிகள் பிறகு அந்தத் தண்ணீரை ஒதுக்கின. பெரியவர்களுக்கும் நடப்பதுதான், எனக்கு இன்றுவரை பரோட்டா சால்னா ஆகாது. இதில் திட்டியோ கெஞ்சியோ பயன் இல்லை.

புதிய காய்க்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன். அவளுக்குப் பிடித்ததை ஒட்டியே நகருங்கள். முறுகல் தோசையில் துருவிய கேரட் கொஞ்சம், தயிர் சாதத்தில் வெள்ளரித் துருவல், இட்லிக்குச் சர்க்கரை பக்கத்திலேயே நெய் விட்ட பொடி. அவள் கண் முன்னே போடுங்கள், ஒளிக்காதீர்கள். ஒரு தேக்கரண்டிக்கு மேல் வைக்காதீர்கள், பத்துப் பதினைந்து தடவை நாக்கில் பட்ட பிறகுதான் சில சுவைகள் பழகும், நாம் மூன்றாவது தடவையே "இவளுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இதைச் சாப்பிட்டால் சாக்லேட் என்று பேரம் பேசினால் சாக்லேட்டின் மதிப்புதான் ஏறும். அரை மணி நேரம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள், முகத்தைச் சுளிக்காமல்.

நிலாக்குட்டி அம்மா, கரூர்

இன்று பரிசோதனை செய்தோம், ஹீமோகுளோபின் 9.6. மருத்துவர் இரும்புச்சத்து சிரப் எழுதிக்கொடுத்தார், மூன்று மாதம். வார்டு அக்கா, அதைப் பாலில் கலந்து கொடுக்கலாமா? தனியாகக் கொடுத்தால் துப்பிவிடுவாள் என்று பயமாக இருக்கிறது.

வார்டு அக்கா

பாலில் வேண்டாம், அதில் கலந்தால் சரியாகச் சேராது. எலுமிச்சை ஜூஸோ சாத்துக்குடிச் சாறோ கொஞ்சம் எடுத்து அதோடு கொடுங்கள், வைட்டமின் சி இருந்தால் நன்றாக உறிஞ்சும். பால் குடிக்கும் நேரத்துக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். ஊசி இல்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உள்பக்கமாக விட்டுப் பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், பல் கறை படியாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். மலம் இன்னும் இறுகினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கும் தருவார். சிரப் பாட்டிலை மட்டும் அவள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், குழந்தை மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.